முப்பது கிலோ லைலா

9 பிப்ரவரி 2010, செவ்வாய்

இன்று மாலை மச்சான் ராஜமாணிக்கம் சிதம்பரத்திலிருந்து காரில் வந்து, தன் நாயை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். நாளை அவருக்கும் அவர் மனைவிக்கும், நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், சிங்கப்பூர் விமானம். மகளுக்குப் பிரசவம். மூன்று மாதம் கழித்து வந்து நாயை அழைத்துக்கொள்வாராம். மச்சான் என் சம்சாரம் அமிர்தத்தின் கூடப்பிறந்த அண்ணன். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் ஏது?

நாய் பெயர் லைலா. லாப்ரடார் சாதி, சந்தன நிறம், மூன்று வயது.

மச்சான் ஒரு காலத்தில் மாட்டுத் தரகர். இப்போது சிதம்பரத்தில் லாட்ஜ் நடத்துகிறார். தரகை விட்டாலும் தரகர் பேச்சு விடவில்லை. வாசலில் நின்றுகொண்டு, "மாப்ள, நல்லா கேட்டுக்க. உப்பு காட்டவே காட்டாத. உப்பில்லாத சோறு, வேகவெச்ச கோழி. காலைல ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. வெயிட்டு இருபத்தெட்டு. ஏத்தாத, எறக்காத" என்றார்.

"எம் புள்ளைக்கே நான் இவ்ளோ பாக்கல மச்சான்."

"உம் புள்ள வாயத் தொறந்து கேக்கும்ல?"

கருவாட்டு வியாபாரி வீட்டில் நாய்! கடலூர் முதுநகரில் சைக்கிளில் கூடை கட்டி விற்ற காலத்திலிருந்தே நாயைப் பார்த்தால் என் கை தானாகக் கல்லைத் தேடும். காயப்போட்ட வாளை மீனை அவை கவ்விக்கொண்டு ஓடியபோதெல்லாம் என் லாபமும் கூடவே ஓடியிருக்கிறது. இன்றைக்குக் குடோன் இருக்கிறது, டாடா ஏஸ் வண்டி இருக்கிறது, என்னை நம்பிப் பத்துப் பன்னிரண்டு குடும்பம் இருக்கிறது. கல் தேடும் கை மட்டும் அப்படியே இருக்கிறது.

10 பிப்ரவரி

காலையில் செருப்பு ஒன்றைக் காணோம். சாயங்காலம் இன்னொன்றையும் காணோம்.

15 பிப்ரவரி, திங்கள்

காராமணிக்குப்பம் சந்தை. நல்ல விற்பனை. ஆனால் எழுத வந்தது அது இல்லை.

கருவாட்டு வாசனையைச் சட்டையோடு கழற்றிப் போட முடியாது. பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலி. கல்யாணப் பந்தியில் அடுத்த இலைக்காரர் மூக்கைச் சுளித்துவிட்டு, ரசம் ஊற்றுகிறவனைக் கூப்பிடுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். எனக்கு அது பழகிப்போன விஷயம். இந்த நாய் என்னடாவென்றால், கேட்டைத் திறந்ததும் என் வேட்டியில் மூக்கைப் புதைத்து, கண்ணை மூடி, பன்னீர் தெளித்த மாதிரி சொக்கி நிற்கிறது! முழங்கை, உள்ளங்கை, கால் விரல் இடுக்கு, ஒன்றையும் விடாமல் நக்கியது. கூச்சம் தாங்காமல் சிரித்துவிட்டேன்.

அடுப்படியிலிருந்து அமிர்தம், "யாரு வந்துருக்கா, ஒரே சிரிப்பா கெடக்குது?" என்றாள்.

"யாருமில்ல."

யாருமில்லையா?

3 மார்ச், புதன்

லைலாவை ஏஸில் முன்சீட்டில் உட்காரவைத்துக் குடோனுக்கு அழைத்துப் போனேன். சரக்கைத் தரம் பிரிக்கும் பெண்களுக்கு மேஸ்திரி இருசம்மாள். அவள் வாய்க்குக் கடலூரே பயப்படும்.

"மொதலாளி! நாய் வெரட்டக் கம்பு எடுத்துனு வருவீங்க. இன்னிக்கி நாயையே கூட்டினு வந்துருக்கீங்க?"

"காவலுக்கு" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் தெருநாய் இரண்டு வந்தன. லைலா எழுந்து போய், வாலை ஆட்டி, சம்பந்தி வீட்டாரை வரவேற்பது மாதிரி உள்ளே அழைத்து வந்தது. பெண்கள் சிரித்த சிரிப்பில் பிரித்த நெத்திலி எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது.

26 மார்ச்

லைலா கொழுகொழுவென்று ஆகிவிட்டது. பார்க்கவே பூரிப்பாக இருக்கிறது. கவலை மீன் கருவாட்டுத் தலை இருசம்மாள் உபயம். சோற்றில் சென்னாகுன்னி, அதாவது பொடி இறால் கருவாட்டுத் தூள், என் உபயம். நெய் விட்ட தயிர்சாதம் அமிர்தம் உபயம். நடை? குடோனுக்குள்ளேயே நடக்கிறதே, அது போதாதா?

மச்சான் போனில், "உப்பு காட்டலல்ல மாப்ள?" என்றார்.

"சே சே."

கருவாடு கருவாடுதான், அதை உப்பு என்று யார் சொன்னார்கள்? இப்படி எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன்.

14 ஏப்ரல், புதன்

சித்திரை ஒன்று. வடை, பாயசம். லைலாவுக்கும் இலை போட்டோம். இரண்டு வாரமாக ஒரே தாகம் அதற்கு, பக்கெட்டைக் காலி செய்கிறது. கூடம் முழுக்க ஈரம். வெயில் ஜாஸ்தி, அதனால் இருக்கும்.

15 ஏப்ரல்

காரணம் வெயில் இல்லை.

காலையிலிருந்து வாந்தி. எழுந்து நிற்க முடியவில்லை, பின்னங்கால் வெடவெடவென்று நடுங்குகிறது. நானும் குடோனில் எடை போடும் பக்கிரியும் சாக்கில் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு மஞ்சக்குப்பத்துக்கு ஓடினோம். மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்த்து, இப்போது சொந்தமாக கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் பிரிசில்லா. ஊசி, டிரிப், ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன சாப்புடுது?"

சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கருவாட்டுக்கு எதுக்குங்க உப்பு போடுறீங்க?"

"சரக்கு கெட்டுப்போவாம இருக்க."

"அது சரி. இது கெட்டுப்போற சரக்கா? இதுக்கு எதுக்குப் போட்டீங்க?"

எடை முப்பத்தேழு. கிட்னி இப்போதைக்குத் தாங்குகிறதாம். "இப்பிடியே போனா ஒரு வருஷம் தாண்டாது. உப்பு அறவே கூடாது. எடையை மெதுவா முப்பதுக்குக் கொண்டாங்க. ஒரேயடியா பட்டினி போட்டுறாதீங்க. அப்புறம், உங்கள நக்குமா?"

"நக்காத நேரமே இல்லீங்க."

"குடோன்லேர்ந்து வந்தா குளிச்சிட்டுத் தொடுங்க."

என்னா பண்ணி வெச்சிருக்கேன் நான்? கல்லால அடிச்சி வெரட்டுன நாயெல்லாம் தெருவுல நல்லா ஓடுது. மடியில வெச்சிக் கொஞ்சுனது டிரிப்போட கெடக்குது. மச்சானுக்கு என்னா சொல்லுவேன்? மச்சான் கெடக்கட்டும் — அது போயிட்டா நான் என்னா பண்ணுவேன்?

16 ஏப்ரல்

எழுந்துவிட்டாள்! ராத்திரி கிளினிக்கிலேயே வைத்திருந்தார்கள்; காலையில் வாசலில் என்னைப் பார்த்ததும் வால் தரையைப் பெருக்கியது.

நேற்றிலிருந்து கடலுக்குப் போகத் தடை. மீன் வரத்து நிற்கும், கருவாடு விலை ஏறும். வருஷா வருஷம் நான் குதூகலிக்கிற நேரம் இது. இன்று சேத்தியாத்தோப்பு வியாபாரி ரேட் கேட்டு மூன்று தடவை போன் செய்தான். "இருப்பா, நாய் ஒண்ணுக்குப் போச்சான்னு பாத்துட்டு வரேன்" என்றேன். தப்பான ஆளுக்குப் போட்டுவிட்டோம் என்று போனை வைத்துவிட்டான்.

குடோனில் எல்லோரையும் கூட்டினேன். "இன்னிலேர்ந்து லைலாவுக்கு யாரும் ஒரு நெத்திலித் தலைகூட போடக் கூடாது."

இருசம்மாள் எழுந்து நின்றாள். "யாரும்னா மொதலாளியும் சேத்துத்தான?"

சேர்த்துத்தான்.

17 ஏப்ரல்

குடோன் பின்னாலேயே பம்ப்செட்டில் சோப்புப் போட்டு இரண்டு தடவை குளித்து, வேறு வேட்டி கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அமிர்தம் இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் தலபாடா அடிச்சிக்கிறேன், குடோன்லயே குளிச்சிட்டு வாங்கன்னு. பொண்டாட்டி சொல்லிக் கேக்காத மனுசன், நாய் டாக்டர் சொல்லிக் கேட்டுட்டாரு!"

18 ஏப்ரல்

குளித்துவிட்டு வந்தேன். லைலா என்னை முகர்ந்து பார்த்துவிட்டு, யாரோ என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

26 ஏப்ரல், திங்கள்

சந்தை முடிந்து குடோன் எடைமேடையில் லைலாவை நிறுத்தினோம். நிற்க மாட்டேன் என்றாள். பெண்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்று "நில்லுடி, நில்லுடி" என்று ஒரே ஆரவாரம். பக்கிரி முள்ளைப் பார்த்து உரக்கச் சொன்னான்: "முப்பத்தஞ்சு!"

இரண்டு கிலோ போய்விட்டது!

3 மே, திங்கள்

"முப்பத்தி நாலரை!"

குடோன் முழுக்க ஜிலேபி. லைலாவுக்கு வெறும் வெள்ளரிக்காய். அவள் ஜிலேபியைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை, வெளியே போய் நின்றுகொண்டேன்.

சிங்கப்பூரிலிருந்து போன். பேரன் பிறந்து சுகமாக இருக்கிறானாம். விசாவை நீட்டித்துவிட்டார்களாம், வர ஜூலை கடைசி ஆகிவிடுமாம். "ஐயையோ, அவ்ளோ நாளா?" என்று ரொம்ப வருத்தமாகக் கேட்டேன். போனை வைத்துவிட்டு லைலாவோடு கூடத்தில் ஒரு சுற்று ஆடினேன். அமிர்தம் பார்த்துவிட்டாள். பார்த்தால் பார்க்கட்டும்.

5 மே

டாக்டரிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். அவர் தராசில் முப்பத்தாறரை.

"உங்க தராசு தப்பு" என்றேன். சரக்கு விஷயத்தில் நான் யாரையும் நம்பி வளர்ந்தவன் இல்லை. நேராகக் குடோனுக்குப் போய் முத்திரை போட்ட இருபது கிலோ எடைக்கல்லைத் தூக்கிவந்து அவர் தராசில் வைத்தேன். முள் இருபதில் ஆடாமல் நின்றது.

"திருப்தியா? அந்தக் கல்ல எடுத்துட்டுப் போங்க. அடுத்து ஒரு பூனைக்குட்டி காத்திருக்கு."

ஏஸ் பக்கத்தில் நின்ற பக்கிரியைப் பிடித்தேன். "முந்தாநேத்து முள்ளு எதுலடா நின்னுச்சி?"

"முப்பத்தாறரைல."

"அப்ப ஏன்டா முப்பத்தி நாலரைன்ன?"

"ரெண்டு கழிவு போவ முப்பத்தி நாலரை, மொதலாளி."

எங்கள் தொழிலில் சாக்கு, உப்பு, மணல் என்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழித்துச் சொல்வது வழக்கம். விற்கிறவனும் வாங்குகிறவனும் ஒத்துக்கொண்டது. பக்கிரி தராசு முன்னால் நின்றே தலை நரைத்தவன். கழிக்காமல் அவன் வாயில் எண் வராது.

"நாய்க்கு என்னாடா கழிவு?"

"உப்பு நெறையத் தின்னுச்சில்ல மொதலாளி?"

அடிக்கக் கையை ஓங்கினேன். ஓங்கிய கையோடு சிரிப்பு வந்துவிட்டது. கிளினிக் வாசலில் நாங்கள் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, பூனைக்குட்டிக்கார அம்மா நகர்ந்து உட்கார்ந்தார்.

ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. மூன்று வாரத்தில் வெறும் அரை கிலோ. எங்கே ஓட்டை? குடோனுக்குப் போய் இருசம்மாளிடம், "நீதான போட்ட?" என்று கேட்டுவிட்டேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். "ஏம் மொதலாளி, நாய் படுத்த அன்னிலேர்ந்து நானே கருவாடு திங்கல. வேண்டிக்கினு இருக்கேன். வீட்டுல போயி விசாரிங்க!"

வீட்டில் விசாரித்தேன். அமிர்தம் மோட்டுவளையைப் பார்த்தாள். "நான் என்னா கருவாடா குடுத்தேன்? தயிர்சோறுதான. நெய்கூட ஒரு கரண்டிதான்."

"எவ்ளோ பெரிய கரண்டி?"

காட்டினாள். அது கரண்டி இல்லை, கல்யாணக் கரண்டி.

7 மே

நடை ஆரம்பம். விடியும்போதே ஏஸில் ஏற்றிக்கொண்டு சில்வர் பீச். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. நான் லைலாவை நடத்தினேனா, அவள் என்னை இழுத்தாளா — தெரியாது. மணலில் ஒரு தடவை விழுந்தேன். மீன்பிடித் தடையில் சும்மா உட்கார்ந்திருந்த செம்படவர்கள் வலை பின்னுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "அண்ணே, யாரு யார மேய்க்கிறது?" என்று ஒருத்தன் கேட்டான். கரையில் மொத்தப் பேரும் சிரித்தார்கள். எனக்கும் நல்ல சிரிப்பு.

12 மே

அமிர்தமும் நானும் முற்றத்தில் உட்கார்ந்து லைலாவின் காதுக்குள் உண்ணி எடுத்தோம். டாக்டர் கொடுத்த சொட்டு மருந்து போட்டோம். நாங்கள் இருவரும் இப்படி எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வேலை பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது! நடுநடுவே என் காதையும் பிடித்துப் பார்த்தாள். "இங்க ஒண்ணுமில்ல" என்றாள்.

19 மே, புதன்

இன்று சிரித்து மாளவில்லை. வங்கக் கடலில் புயல். அதற்கு வைத்திருக்கும் பெயர் லைலா! துறைமுகத்தில் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். டிவியில் செய்தி வாசிக்கிற பெண், "லைலா மேலும் வலுவடைந்துள்ளது" என்றாள். "இல்லம்மா, மெலிஞ்சிட்டா!" என்று நான் கத்தினேன். "லைலா கரையைக் கடக்கும்போது பலத்த சேதம்" என்றாள். அது சரி, என் செருப்பைக் கேட்டால் சொல்லும். லைலா தன் பெயர் வரும்போதெல்லாம் டிவி முன்னால் போய் வாலை ஆட்டிக்கொண்டு நின்றாள்.

புயல் ஆந்திரா பக்கம் போகிறதாம். மழையில் சரக்கை எல்லாம் உள்ளே ஏற்றியாயிற்று. நாளை நடை கிடையாது. கூடத்திலேயே பந்து போட வேண்டும்.

30 மே, ஞாயிறு

சோப்பு வாசனையோடு வீட்டுக்கு வந்தேன். துளி கருவாட்டு வாசனை இல்லை, நானே என்னை முகர்ந்து பார்த்துக்கொண்டேன். கேட்டைத் திறந்தேன். கொல்லையில் படுத்திருந்தவள் என் காலடிச் சத்தத்துக்கே எழுந்து, பூந்தொட்டியைத் தள்ளிவிட்டுக்கொண்டு ஓடிவந்து, இரண்டு முன்னங்காலையும் தூக்கி என் நெஞ்சில் வைத்தாள்.

வாசனைக்காக இல்லை. எனக்காக!

பூந்தொட்டி உடைந்துவிட்டது. இன்னும் நாலு உடைந்தாலும் வாங்கித் தருகிறேன்.

14 ஜூன்

டாக்டர் தராசில் முப்பத்துமூன்று. ரத்தப் பரிசோதனையும் நல்லபடி. "கிட்னி தேறிடுச்சி. நீங்களும் கொஞ்சம் எளைச்சிட்டீங்க" என்றார் டாக்டர். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

5 ஜூலை

முப்பத்தொன்று. வாரா வாரம் டாக்டர் தராசுதான். பக்கிரி வெளியே நிற்கிறான், உள்ளே விடுவதில்லை.

இடுப்பு தெரிகிறது அவளுக்கு. சில்வர் பீச்சில் அலைக்குள் பாய்ந்து நீந்துகிறாள். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணியில் கழுவிவிட வேண்டும், கடல்தண்ணியைக் குடிக்க விடக்கூடாது. அதற்கென்றே ஏஸில் இரண்டு குடம்.

இந்த மாதக் கடைசியில் மச்சான் வருகிறார். அதை நினைக்கக் கூடாது.

1 ஆகஸ்ட், ஞாயிறு

மச்சான் வந்தார். நேற்று எடை இருபத்தொன்பதரை. லைலாவின் பல்லைப் பார்த்தார், விலாவைத் தடவினார், வாலைத் தூக்கினார். மாடு பார்க்கிற பார்வை. "நல்லாத்தான் வெச்சிருக்க மாப்ள" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். அண்ணனைப் பார்த்த சந்தோஷத்தில் அமிர்தம், "ஏப்ரல்ல சாவக் கெடந்துச்சிண்ணே, கருவாடு தின்னு. இவுருதான் காப்பாத்துனாரு" என்று உளறிவிட்டாள்.

மச்சான் முகம் மாறிவிட்டது. "கருவாடா? உப்பு காட்டாதன்னு படிச்சிப் படிச்சி சொன்னனே! கொன்னுருப்பியே மாப்ள!"

"இன்னும் கொஞ்ச நாள் இங்கயே —" என்று ஆரம்பித்தேன்.

"இனிமே உன் வாசல்படி மிதிக்க விடுறனா பாரு" என்று காரில் ஏற்றிவிட்டார். அவள் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

2 ஆகஸ்ட்

விடியும்போதே எழுந்துவிட்டேன். தனியாகப் போய் நடந்தேன்.

9 ஆகஸ்ட்

குடோனிலிருந்து குளிக்காமல் வந்தேன். அமிர்தம் திட்டாமல் சோறு போட்டாள்.

17 ஆகஸ்ட்

அமிர்தம் சிதம்பரத்துக்குப் போன் போட்டாள். அக்கா சொன்னதாம்: "உங்கண்ணனுக்கு மூட்டுவலி, மாடிப்படியே ஏற முடியல. நாய யாரு நடத்துறது? சிங்கப்பூர் பிஸ்கெட்டுதான் வேளாவேளைக்குப் போவுது."

பிஸ்கெட்டா?

வியாபாரிக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போகிறோம். பக்கிரி வேண்டாம்.

22 ஆகஸ்ட், ஞாயிறு, சிதம்பரம்

லாட்ஜ் வாசலில் நான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதுதான் தாமதம், மாடியிலிருந்து லைலா உருண்டு வந்தாள். உருண்டுதான் வந்தாள்! நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நக்கியதில் என் கண்ணாடி எங்கே போனது என்றே தெரியவில்லை. லாட்ஜில் தங்கியிருந்த நடராஜர் கோயில் பக்தர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

மச்சான் படியில் காலை இழுத்து இழுத்து இறங்கி வந்தார். "இன்னா மாப்ள, சாமி தரிசனமா?"

"சாமிய அப்புறம் பாக்கலாம். பக்கத்து அரிசி மண்டியில தராசு இருக்குதுல்ல? வாங்க."

அவர் வரமாட்டேன் என்றார். அக்கா, "போங்களேன், மடியில கனமில்லன்னா என்னா பயம்?" என்று தள்ளிவிட்டது. அரிசி மண்டித் தராசில் லைலா தானாகவே ஏறி உட்கார்ந்தாள், பழகினவள். முப்பத்தொன்றரை. மச்சான் சட்டைப்பையிலிருந்து பிஸ்கெட் தூள் உதிர்ந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு ரெண்டுதான் மாப்ள குடுத்தேன்."

"நானும் ஒண்ணு ரெண்டு தலைதான் மச்சான் குடுத்தேன்."

என்னை முறைத்தார். பிறகு உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தார். "வா, உக்காரு. ஆனா சும்மா குடுப்பேன்னு நெனைக்காத. அது எனக்கு மொவ மாதிரி." தோளிலிருந்த துண்டை எடுத்து எங்கள் இருவர் கைமேலும் போட்டார். மாட்டுச்சந்தைப் பேரம்! வாயால் பேசக் கூடாது, துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் விலை. "வெரலுக்கு ஒரு மாசம். ஒங்கிட்ட வருஷத்துல எத்தினி மாசம்? புடி."

நான் அவருடைய பத்து விரலையும் பிடித்தேன். உதறிவிட்டு என் மூன்று விரலைப் பிடித்தார். நான் தலையாட்டி எழுந்திருக்கிற மாதிரி பாவனை செய்தேன். ஐந்து என்றார். நான் ஒன்பது. அவர் ஆறு. அவருடைய முழங்காலை ஒரு பார்வை பார்த்தேன். இந்தப் பக்கம் அமிர்தமும் அந்தப் பக்கம் அக்காவும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். லைலா துண்டுக்குள் மூக்கை நுழைத்து எங்கள் விரல்களை எண்ணிப் பார்த்தாள். கடைசியில் ஒரு பிடி பிடித்தார், அழுத்தமாக. விடவில்லை. நானும் விடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பேரம் முடிந்தது.

திரும்பும்போது அவள் ஏஸ் முன்சீட்டில், அமிர்தம் மடியில் தலை. பரங்கிப்பேட்டை திருப்பம் வரைக்கும் நான் சீட்டி அடித்துக்கொண்டே ஓட்டினேனாம். அமிர்தம் சொல்லித்தான் தெரியும்.

முடிவானது: வருஷத்தில் எட்டு மாதம் கடலூர். மார்கழியிலிருந்து பங்குனி வரை நாலு மாதம் சிதம்பரம். கருவாடும் கிடையாது, பிஸ்கெட்டும் கிடையாது. நடைக்கு ஆள் வைப்பது அந்தந்த வீட்டுப் பொறுப்பு. டாக்டர் செலவு ஆளுக்குப் பாதி. மாதம் ஒரு தடவை எடை. யார் வீட்டில் முப்பதைத் தாண்டுகிறதோ, அந்த வீட்டுக்கு ஒரு மாதம் குறையும்.